வளவில் காற்றில்லை என்று கணினி சொன்னால் நம்பலாமா?

கேள்வி: இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் வீட்டு வளவுக்குள் (நடுமுற்றத்துக்குள்) காற்று எப்படி வந்து போகிறது என்பதுதான் என் புராஜெக்ட். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தெரியாததால், ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் சிஎஃப்டிஓஎஃப் என்ற இணைப்பை நிறுவி, காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளைச் சுட்டியை (மவுஸை) வைத்தே ஓட்டினேன். வளவு முழுவதும் ஒரே நீலமாக, காற்றே இல்லாததுபோல் படம் வருகிறது. அப்பத்தாவோ ஆடி மாதத்தில் வளவில் விளக்கு நிற்காது என்கிறார். ‘சுட்டியால் செய்தால் இப்படித்தான் வரும்’ என்கிறார் கைடு. 18,000 ரூபாய் கொடுத்தால் பெரிய கம்பெனி மென்பொருளில் செய்து, அறிக்கையும் எழுதித் தருவதாக ஒரு புராஜெக்ட் சென்டர் சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதைப் பற்றிப் பிறகு விரிவாகத் திட்டுகிறேன்.

சுட்டியால் செய்ததில் ஒரு தவறும் இல்லை. நீங்கள் திரையில் பொத்தான்களை அழுத்தும்போது உள்ளே நடப்பது இவ்வளவுதான்: ஓப்பன்ஃபோம் படிக்கக்கூடிய சில எழுத்துக் கோப்புகளை அந்த இணைப்பு உங்களுக்காக எழுதுகிறது. ‘0’, ‘கான்ஸ்டன்ட்’, ‘சிஸ்டம்’ என்று மூன்று அடைவுகள் இருக்கும். காற்றின் வேகம் 4 என்று பெட்டியில் நீங்கள் போட்டால், ‘0’ அடைவில் ‘யு’ என்ற கோப்புக்குள் அதே 4 போய் உட்காரும். கணக்கைத் தீர்க்கும் நிரலுக்கு அந்த 4 விரலால் வந்ததா, சுட்டியால் வந்ததா என்று தெரியாது, கவலையும் இல்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பர்மாவில் அவர்களின் லேவாதேவிக் (வட்டிக்) கடை நடந்த காலத்தில் உதவியாளரான அடுத்தாள் பேரேடு எழுதுவார், கடைப் பொறுப்பாளரான மேலாள் அதைப் புரட்டிப் பார்ப்பார். சிஎஃப்டிஓஎஃப் உங்கள் அடுத்தாள். எழுதச் சொன்னதை எழுதும். சொன்னது சரிதானா என்று கேட்காது. நீங்கள் பேரேட்டைப் புரட்டவில்லை, அதுதான் குறை.

இனி நீலத்துக்கு வருவோம். படம் காட்டும் பாராவியூ, நிறங்களைத் தானாகப் பங்கிடும்போது மொத்தப் பரப்பிலும் உள்ள மிகக் குறைந்த வேகத்தையும் மிக அதிக வேகத்தையும் இரு முனைகளாக வைத்துக்கொள்கிறது. கூரை விளிம்பில் காற்று வளைந்து திரும்பும் இடத்தில் விநாடிக்கு 6 மீட்டர் வந்திருக்கும். அது சிவப்பு. வளவில் அரை மீட்டர் வேகத்தில் நல்ல காற்று வீசினாலும், 6-க்கு முன்னால் அது நீலம்தான். நிறக்கோலின் எல்லையை 0 முதல் 1 வரை என்று கையால் மாற்றிப் பாருங்கள். அப்பத்தாவின் காற்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

அப்படி மாற்றியும் நீலமாகவே இருந்தால், அடுத்த சந்தேகம் மெஷ் மேல், அதாவது கணக்குக்காக வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டிய வலை மேல். அந்தக் கட்டங்கள்தான் செல்கள். நிலைவாசல் ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அரை மீட்டர் அளவுள்ள செல்களைப் போட்டிருந்தால், அந்த வாசலுக்கு இரண்டே செல். காற்று அதில் நுழைவதை விட ஊசிக் காதில் ஒட்டகம் நுழைவது எளிது. வாசல், சன்னல், வளவின் திறந்த வாய் ஆகிய இடங்களிலாவது 10 சென்டிமீட்டர் அளவுக்கு மெஷ்ஷை நெருக்குங்கள். மற்ற இடங்களில் பெரிதாகவே விடலாம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் 10 லட்சம் செல்கள் வரை துணிந்து போகலாம். மெஷ் முடிந்ததும் சோதனைப் பதிவின் கடைசியில் ‘மெஷ் ஓகே’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் மேலே போகாதீர்கள்.

செல்களை மிச்சப்படுத்த வழி கேட்பீர்கள். தேக்குத் தூணின் தலைப்பகுதியான போதிகையில் உள்ள பூவேலைப்பாட்டையும், நிலையின் மேலுள்ள சிற்பத்தையும், நாட்டு ஓட்டின் ஒவ்வொரு வரியையும் வரைந்திருக்கிறீர்களா? வரைந்திருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான், அழகாக இருக்கிறதே. எல்லாவற்றையும் அழியுங்கள். தூண் என்றால் ஓர் உருளை. கூரை என்றால் ஒரு சரிந்த பலகை. காற்றுக்குப் போதிகை தெரியாது. ஆனால் முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் என்று ஒரே நேர்கோட்டில் இருக்கும் வாசல்களில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள். அந்த நேர்கோடுதான் உங்கள் புராஜெக்ட். வரைபடத்தில் கதவுகளை மூடிவைத்துவிட்டுக் காற்று வரவில்லை என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கணக்கிடும் வெளியான பெட்டிக்குள் வீட்டைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டீர்கள் என்று எழுதவில்லை. உச்சி 8 மீட்டர் உயரம் என்றால், முன்னாலும் பக்கங்களிலும் மேலேயும் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 40 மீட்டர் விடவேண்டும். காற்று வெளியேறும் பக்கம் பதினைந்து மடங்கு, 120 மீட்டர். பெட்டியை வீட்டோடு ஒட்டிப் போட்டால் குழாய்க்குள் வீட்டை அடைத்த கணக்காகிவிடும். அந்தப் பக்கத்து வீடுகள் பல கிழக்கு மேற்காக நீண்டவை. ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து சாய்வாக வரும். காற்றைச் சாய்க்காதீர்கள். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, வீட்டைத் திருப்பிவையுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உங்கள் கைடு சொல்வது கால்வாசி சரி. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். திறந்தவெளியில் காற்று எல்லா உயரத்திலும் ஒரே வேகத்தில் வீசாது. தரையில் உராய்வதால் கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் இருக்கும். வயலும் மரமும் கலந்த ஊர்ப்புறத்தில் 10 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 4 மீட்டர் என்றால், 2 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 2.6-தான். ஆனால் சுட்டியால் இயக்கும் திரைகள் பலவற்றில், காற்று நுழையும் முகத்துக்கு ஒரே சீரான வேகத்தைத்தான் கொடுக்க முடியும். நிலைவாசல் மட்டத்தில் இல்லாத காற்றை நீங்கள் ஊதிவிடுகிறீர்கள் என்று அர்த்தம். ஓப்பன்ஃபோமுக்குள் இதற்கென்றே ஒரு நுழைவு நிபந்தனை இருக்கிறது. அதன் பெயர் ‘ஏடிஎம்பவுண்டரிலேயர்’ என்று தொடங்கும். 10 மீட்டர் உயரத்து வேகம், அந்த உயரம், தரையின் சொரசொரப்பு நீளம், காற்றின் திசை என்று சில எண்களைக் கேட்கும். மரங்கள் சிதறிய வயல்வெளிக்குச் சொரசொரப்பை 0.1 மீட்டர் என்று வைக்கலாம். ‘யு’ கோப்பில் மட்டும் மாற்றினால் போதாது. கொந்தளிப்பைக் குறிக்கும் ‘கே’, ‘எப்சிலான்’ கோப்புகளிலும் அதே குடும்பத்துப் பெயரைத்தான் போடவேண்டும்.

மாற்றுவது எளிது, மாற்றியதைக் காப்பாற்றுவதுதான் பாடு. சிஎஃப்டிஓஎஃப் பலகையில் ‘ரைட்’, ‘எடிட்’, ‘ரன்’ என்று பொத்தான்கள் இருக்கும். ‘ரைட்’ அழுத்தினால் கோப்புகள் எழுதப்படும். ‘எடிட்’ அழுத்தினால் அடைவு திறக்கும். அங்கேதான் உங்கள் கைவேலை. பிறகு நேராக ‘ரன்’. இடையில் ஏதோ ஞாபகத்தில் மறுபடியும் ‘ரைட்’ அழுத்தினீர்களோ, கையால் எழுதியது அத்தனையும் போய், பழைய சீரான 4 திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு சத்தமும் வராது. இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் தவறான விடையைப் பார்த்துப் பூரித்துப்போவீர்கள். நான் பூரித்திருக்கிறேன். திருத்திய அடைவைத் தனியாக நகல் எடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்து வையுங்கள்.

இனி அந்தப் புராஜெக்ட் சென்டர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) நடத்தப் போயிருந்தேன். மூன்று குழுக்கள், மூன்று தலைப்புகள். மூன்றிலும் ஒரே காரின் படம். நிறக்கோலின் உச்சி எண் மூன்றிலும் 37.2. தசமப்புள்ளிகூட நகரவில்லை. ‘உள்ளே நுழையும் காற்றின் வேகம் என்ன கொடுத்தீர்கள்?’ என்று கேட்டேன். ஒரு மாணவர் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, ‘சார், அது சென்டரில் கொடுத்தது’ என்றார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில், காற்றோட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டைக் கரும்பலகை நிறைய வருவித்துக் காட்டுவார்கள். அதைத் தீர்க்கும் மென்பொருளை ஆய்வகக் கணினியில் நிறுவ அனுமதி கேட்டால் மூன்று கையெழுத்து, இரண்டு மாதம். அறிக்கை தடிமனாக இருக்கவேண்டும், படம் வண்ணமாக இருக்கவேண்டும், மென்பொருளின் பெயர் பெரியதாக இருக்கவேண்டும். இப்படி மதிப்பெண் போடும் ஊரில் தெருவுக்கு ஒரு சென்டர் முளைக்காமல் என்ன செய்யும்?

அவர்கள் தருவது பெரும்பாலும் பூட்டு உடைத்த திருட்டு நகலில் செய்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்று ஒரு சலுகையும் அதில் உண்டு. 18,000 வாங்குபவர் அந்தச் சலுகையைத் தனக்குக் கேட்க முடியாது. உங்களுக்காக வந்து வாதாடவும் மாட்டார். அந்த நகலோடு சேர்ந்து உங்கள் மடிக்கணினிக்குள் என்னென்ன நுழையும் என்பது வேறு கதை. பெரிய கம்பெனி மென்பொருள்தான் வேண்டும் என்று கைடு பிடிவாதம் பிடித்தால், ஆன்சிஸ் என்ற கம்பெனி மாணவர்களுக்கென்றே இலவசப் பதிப்பு தருகிறது. செல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அவ்வளவுதான்.

ஓப்பன்ஃபோம் இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்கவேண்டாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவாகத் தொடங்கி, 2004 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஐரோப்பியக் கார் கம்பெனிகளே பயன்படுத்துகின்றன. திறந்த மென்பொருள்களைப் பரப்பும் ஐஐடி பம்பாயின் ஃபாசி திட்டம் இதற்கென்று பயிற்சி தருகிறது. ஸ்போக்கன் டுடோரியல் என்ற காணொளிப் பாடங்களும் இருக்கின்றன. ஆனால் ஓப்பன்ஃபோம் இரண்டு கிளைகளாக வளர்கிறது. ஒரு கிளையில் 2023-ல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, பழைய பாடங்களில் வரும் ‘சிம்பிள்ஃபோம்’ போன்ற தீர்வு நிரல்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். யூடியூபில் பார்த்ததை அப்படியே செய்து, பிழை வந்தால் பதறாதீர்கள். சிஎஃப்டிஓஎஃப் எந்தப் பதிப்பை நிறுவியதோ, அதோடு மட்டும் இருங்கள். வெயிலில் தரை சூடாவதையும் இந்தப் புராஜெக்ட்டில் தொடாதீர்கள். ஆடிக் காற்றுக்கு அது தேவையில்லை.

வைவாவில் கேட்கக்கூடிய ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓப்பன்ஃபோமில் காற்றின் அடர்த்தி மாறாது என்று வைத்துப் போடும் கணக்கில், அழுத்தம் என்று வரும் எண் பாஸ்கல் அல்ல. அடர்த்தியால் வகுத்த அழுத்தம் அது. 8 என்று வந்தால், காற்றின் அடர்த்தி 1.2-ஆல் பெருக்கி 9.6 பாஸ்கல் என்று எழுதுங்கள்.

கடைசியாக, அப்பத்தாவையும் கணினியையும் ஒரே வளவில் உட்காரவைக்க வேண்டும். காற்றின் வேகத்தை அளக்க, கையில் பிடிக்கும் காற்றாடிக் கருவியை வாடகைக்கு எடுக்காதீர்கள். விநாடிக்கு அரை மீட்டருக்குக் கீழே பலவற்றில் இறக்கையே சுற்றாது. ஆடியில் ஒரு நாள் பிற்பகல், வளவின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஊதுவத்தியை இடுப்பு உயரத்தில் ஏற்றிவையுங்கள். பின்னால் ஓர் அளவுகோலை நிறுத்தி, கைபேசியில் வீடியோ எடுங்கள். புகை ஒரு விநாடியில் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்பதை ஐந்து இடங்களிலும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் மொட்டை மாடியில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் பாருங்கள். அந்தத் திசைக்கு வீட்டைத் திருப்பிவைத்து மறுபடி ஓட்டி, அதே ஐந்து புள்ளிகளின் வேகத்தைப் பாராவியூவில் எடுங்கள். இரண்டு வரிசை எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, கைடு முன்னால் வையுங்கள். வத்தியை வைத்த நேரத்தை அப்பத்தாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், மறந்துவிடப்போகிறவர் நீங்கள்தான்.