ஒரு செமஸ்டரில் உணவுத் தொழில்முனைவைக் கற்றுத்தரும் பாடத்திட்டத்தை எப்படி வடிவமைப்பது?

ஒரு செமஸ்டருக்கு 15 வாரம், 4 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 2 மணி நேரம் வகுப்பு, 4 மணி நேரம் செய்முறை என்று பிரியுங்கள். நான்கைந்து மாணவர் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பண்டத்தை முதல் வாரத்திலிருந்து கடைசி வரை கொண்டுபோக வேண்டும். வாரத்துக்கு ஒரு பண்டம் செய்தால் சமையல் வரும், தொழில் வராது.

முதல் முறைக்கு முறுக்கு, பருப்புப்பொடி, சத்துமாவு போன்ற உலர்ந்த பண்டங்களே நல்லது. இட்லி மாவை வேண்டாம் என்பேன். பாக்கெட்டுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். குளிர்ச்சி விட்டுப்போனால் பை உப்பி வெடிக்கும். தொக்கு, சட்னி எடுக்கும் குழுவுக்கு, புளிப்பை எண்ணாக அளக்கும் பிஎச் மீட்டர் கட்டாயம் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). காற்றுப்புகாமல் மூடிய பாட்டிலில் பிஎச் 4.6க்குக் கீழே இல்லையென்றால் உயிரைப் பறிக்கும் நச்சை உண்டாக்கும் பாட்டுலினம் கிருமி வளர இடமுண்டு. சுவைத்துப் பார்த்துப் புளிப்பு போதும் என்று முடிவுசெய்ய விடாதீர்கள்.

4ஆம் வாரத்துக்குள் செய்முறை உறுதியாகிவிட வேண்டும். காரணம், 60 நாள் கெடாது என்று லேபிளில் போட, 60 நாள் வைத்துப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான பாடத்திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன: 10ஆம் வாரத்தில் பண்டம் தயாராகும், தேதியைக் குத்துமதிப்பாகப் போடுவார்கள். ஒரே நாளில் செய்த 15 பாக்கெட்டை அறை வெப்பத்தில் வைத்து, வாரம் ஒன்றைப் பிரித்து மொறுமொறுப்பு, நிறம், சிக்கு வாடை மூன்றையும் எழுதிவைக்கட்டும். சூடு ஆறுமுன் பையில் போட்டிருந்தால் ஆவி உள்ளே படிந்து சீக்கிரமே நமத்துவிடும். பழைய எண்ணெயில் பொரித்திருந்தால் சிக்கு வாடை முந்திக்கொள்ளும். பொரிக்கும் எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 முதல் சட்டம். அதை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிவையுங்கள்.

எல்லா அளவும் கிராமில் இருக்கட்டும். 1 கிலோவுக்குச் சரியாக வந்தது 10 கிலோவுக்கு வராது: ஒரே ஈட்டில் அதிகமாகப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, முறுக்கு எண்ணெய் குடிக்கும். அந்தக் கூடுதல் எண்ணெய் நேராகச் செலவில் ஏறும்.

செலவுக் கணக்குக்கு மூன்று முழு வகுப்பாவது ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு, 200 கிராம் முறுக்கு, அதிகபட்ச விலை 60 ரூபாய். கடைக்காரருக்கு 12, விநியோகஸ்தருக்கு 5 போக 43. அதில் 5 சதவீத ஜிஎஸ்டி ஏறத்தாழ 2. மிச்சம் 41. மூலப்பொருளும் எண்ணெயும் 22, கவர், லேபிள் 4, கேஸ், மின்சாரம் 3, கூலி 8 என்றால் செலவு 37. பாக்கெட்டுக்கு 4 ரூபாய்தான் லாபம். நூற்றுக்கு ஐந்து பாக்கெட் திரும்பி வந்தாலே, பாக்கெட்டுக்கு 41 வீதம் 205 ரூபாய் போய், 400 ரூபாய் லாபம் 195 ஆகிவிடும். தங்கள் கூலியை மாணவர்கள் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். சேர்க்காத கணக்கைத் திருப்பிக் கொடுங்கள்.

விற்பனைக்கு முன் உற்பத்தி நடக்கும் ஆய்வகத்தின் பேரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) பதிவு வேண்டும். செமஸ்டர் தொடங்குமுன்பே கல்லூரி விண்ணப்பிக்கட்டும். அந்தப் பதிவின் 14 இலக்க எண், எடை அதிகமானதில் தொடங்கி வரிசைப்படி மூலப்பொருட்கள், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சைவ அசைவக் குறி, ஊட்டச்சத்து அட்டவணை ஆகியவற்றோடு லேபிளை மாணவர்களே தயாரிக்கட்டும்.

விற்பனையை வளாகத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள். நண்பர்கள் பாசத்தில் வாங்குவார்கள். அக்கம்பக்கத்து மளிகைக் கடைகள் மூன்றில் வைத்து, இரண்டாவது முறை வாங்கியவர்களை எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, எந்தப் பாக்கெட்டை ஏன் திருப்பி அனுப்புகிறார் என்று சொல்ல வையுங்கள். மதிப்பெண்ணில் பாதியைத் தயாரிப்புக் குறிப்பேட்டுக்கும் செலவுக் கணக்குக்கும் கொடுக்கலாம். நஷ்டப்பட்ட குழு காரணத்தைக் கணக்கோடு காட்டினால் முழு மதிப்பெண் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு எல்லாக் குழுவும் பொய்க் கணக்கு எழுதும்.