ஆங்கிலத்தில் சொல் அழுத்தம் என்றால் என்ன, அதை எப்படிக் கற்பது?

பல அசைகள் (ஒரே மூச்சில் சொல்லும் ஒலித் துண்டுகள், ஆங்கிலத்தில் 'சிலபிள்') உள்ள ஒரு சொல்லில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நீட்டி, உரக்க, குரலை ஏற்றிச் சொல்வதுதான் சொல் அழுத்தம். மற்ற அசைகள் சுருங்கிவிடும், அவற்றின் உயிரொலி பல நேரம் தேய்ந்து ஏறக்குறைய 'அ' போலக் கேட்கும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில் இருக்கிறது. அதுவே 'ஃபட்டாக்ரஃபி' ஆனதும் இரண்டாவதற்குத் தாவிவிடுகிறது, முதல் அசை பாவம் 'ஃப' என்று தேய்ந்துபோகிறது. 'ரெக்கார்ட்' என்ற சொல்லை முன்னால் அழுத்தினால் பதிவு, பின்னால் அழுத்தி 'ரிக்கார்ட்' என்றால் பதிவு செய்வது.

ஏன் இவ்வளவு முக்கியம்? கூட்டத்தில் நண்பரைத் தேடும்போது அவர் கையைத் தூக்கி ஆட்டினால் சட்டெனக் கண்ணில் படுவார் இல்லையா, அப்படித்தான் ஆங்கிலம் கேட்டுப் பழகியவரின் காது அழுத்தமான அசையைப் பிடித்துக்கொண்டு சொல்லை ஊகிக்கிறது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நாம் ஆங்கிலத்திலும் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம், கேட்பவர் திணறுகிறார்.

சரி, பழகுவது எப்படி? அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில் அழுத்தமான அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு இருக்கும், புதுச் சொல்லைப் பார்க்கும்போதே அதையும் பாருங்கள். அப்புறம் இணைய அகராதியில் அந்தச் சொல்லின் ஒலியைக் கேட்டு, உடனே திருப்பிச் சொல்லி, செல்பேசியில் பதிந்து இரண்டையும் ஒப்பிடுங்கள் (முதல் நாள் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்).

'நான் பார்த்துக் கற்கும் ரகம், கேட்டுப் பழகுவது எனக்கு ஒத்துவராது' என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்றாக வரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே 2008-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு மதிப்பீடு சொன்னது.