மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஜெபிக்க முடியவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 52. பாளையங்கோட்டையில் மகளோடும் மாமியாரோடும் இருக்கிறேன். போன செப்டம்பரில் கணவர் மாரடைப்பில் தவறிவிட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து இருவரும் சேர்ந்து ஜெபிப்பது 20 வருடப் பழக்கம். இப்போதும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வருவதில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்விடுகிறேன். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சம் அடங்குகிறது. அங்கே அவர் வைத்த குண்டுமல்லி நிற்கிறது. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்தான் வெட்டிவிடுவார். இந்த முறை எனக்குக் கை வரவில்லை. கொடியாக நீண்டு கிடக்கிறது. பூ அங்கொன்று இங்கொன்றுதான்.

நேற்று மாமியார், "செடியைக் கட்டிக்கிட்டு அழுதா ஆச்சா? கனி கொடுக்காத கொடியை ஆண்டவர் அறுத்துப்போடுவார்" என்றார்கள். அதிலிருந்து பயமாக இருக்கிறது. என் விசுவாசம் பட்டுப்போய்விட்டதா?

– ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரி,

ஒரு கிளை பட்டுவிட்டதா என்று பார்க்க நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்போம் இல்லையா? உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஜெபிக்க முடியவில்லையே என்று தவிக்கிறீர்களே, அந்தத் தவிப்புதான் எனக்குத் தெரிகிற பச்சை.

மாமியார் சொன்னது பைபிளில் யோவான் 15-ஆம் அதிகாரம். அவர்களும் பெற்ற மகனைப் பறிகொடுத்தவர்கள். அந்த வலியும் சேர்ந்துதான் பேசியிருக்கும். அதே வசனத்தில், கனி கொடுக்கிற கொடியும் வெட்டுக்குத் தப்புவதில்லை; இன்னும் அதிகம் கனி கொடுக்கத்தான் அந்தக் கவாத்து. ஆனால் உங்கள் கணவரின் மரணமே ஆண்டவர் உங்களுக்குச் செய்த கவாத்து என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், அதை ஏற்காதீர்கள். ஒருவர் வளர்வதற்காக நறுக்கிப் போடும் கிளை அல்ல இன்னொருவரின் உயிர்.

யோவான் 20-ஐ மெதுவாக வாசியுங்கள். இயேசுவின் கல்லறை இருந்தது ஒரு தோட்டத்தில். மகதலேனா மரியாள் இருட்டோடே அங்கே வந்தாள், அழுதுகொண்டு நின்றாள். எதிரில் நிற்பவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அவளுக்குத் தெரியவில்லை, தோட்டக்காரர் என்று நினைத்தாள். அதற்காக அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார். இருட்டோடே கொல்லைக்குப் போகிற உங்களை நினைத்தால் எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது. போவதை நிறுத்தாதீர்கள். 'ஆண்டவரே' என்ற ஒரு வார்த்தை வந்தாலும் போதும், வராமல் கண்ணீர் வந்தாலும் சரி.

ஒன்று கேட்க வேண்டும். சாப்பாடு இறங்குகிறதா? இரவு தூக்கம் வருகிறதா? இனி இருந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டுகிறதா? சாப்பாடோ தூக்கமோ இல்லை என்றாலும், அப்படி ஒரு எண்ணம் வருகிறது என்றாலும் மகளிடம் சொல்லி, தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

அப்புறம் அந்த மல்லிகை. இந்தக் கோடையில் அதை வெட்ட வேண்டாம். நவம்பர் கடைசியில், சில நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். பிறகு தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால் மார்ச்சில் மொட்டு வைக்கும். வெட்டுகிற அன்றைக்கு மாமியாருக்கும் ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மகன் எந்தக் கணுவில் வெட்டுவான் என்று அவர்கள் பார்த்திருப்பார்கள்.