மீட்டர் 38,000 காட்டுகிறது, நம்பலாமா?

கேள்வி: வேளச்சேரியில் ஒருவர் 2019 மாடல் பெட்ரோல் கார் விற்கிறார். நான்கரை லட்சம் கேட்கிறார். 38,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, ஒரே ஓனர் என்கிறார். எனக்கு இதுதான் முதல் கார். மெக்கானிக்கை அழைத்துப் போவதற்கு முன் நானே எதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்?
– தாம்பரம் வாசகர்

பதில்: முதலில் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். இன்ஜினில் கோளாறு என்றால் காசு செலவழித்துச் சரி செய்துவிடலாம். பேப்பரில் வில்லங்கம் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் வங்கிக்கும் அலையப்போவது நீங்கள்தான்.

வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். இ-சலான், அதாவது போக்குவரத்து அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால், "கடனை எப்போதோ கட்டி முடிச்சாச்சு" என்ற பேச்சு போதாது, வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வரவேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் (அடிச்சட்ட) எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். புரோக்கர் மூலம் என்றால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்து அந்த 38,000. மீட்டரைக் குறைப்பது இன்று பெரிய வித்தையே இல்லை, டிஜிட்டல் மீட்டர் என்றாலும்தான். டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 1422 என்றால் 2022-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் தயாரான டயர். 2019 வண்டியில் நான்கு டயருமே அப்படி இருந்தால், மூன்று வருடத்திலேயே பழைய டயர்கள் தேய்ந்துபோகும் அளவுக்கு வண்டி ஓடியதா என்று கேட்கலாமே. பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாக இருந்தாலும் சந்தேகம்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கி.மீ. கணக்கை விற்பவரிடமே கேட்டு வாங்குங்கள். அதைத் தரத் தயங்குபவரிடம் விலை பேசவே வேண்டாம்.

வேளச்சேரி என்கிறீர்கள், வெள்ளம் புகுந்த இடம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். பதில் எப்படியிருந்தாலும், முன்சீட் பெல்ட்டை அது முடியும்வரை முழுக்க இழுத்துப் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்பவர்கள் சீட், மேட் எல்லாவற்றையும் கழுவுவார்கள். பெல்ட்டின் உள்சுருளை யாரும் இழுத்துக் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு தெரிந்தால் கிளம்பிவிடுங்கள். சீட்டுக்கு அடியில், அதை முன்னும் பின்னும் நகர்த்தும் கம்பிகளின் ஸ்க்ரூக்களில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், உள்ளே தூக்கலான பெர்ஃப்யூம் வாசனை எல்லாமே கெட்ட அறிகுறிகள். தண்ணீரில் நின்ற வண்டியின் வயரிங் எப்போது மக்கர் பண்ணும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

பார்க்கப் போவதைக் காலையில், பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்துவைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜினில்தான் சத்தமும் புகையும் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பானெட், ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். என்ன அடி என்று கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே எடுத்திருக்கலாம்.

வாங்கிவிட்டால், 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காததற்காக அவருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி, உங்களுக்கு வராது; அது வரும் என்று கணக்குப் போட்டு விலை பேசாதீர்கள்.

கேள்வி: டெல்லி வண்டி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்ததிலிருந்து விலை விழுந்தது. அது வண்டியின் குறை இல்லை. ஆனால் டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. இல்லாமல் இங்கே பதிவு நடக்காது. தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் தனியாகக் கட்டவேண்டும். அந்தத் தொகையை உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்து, விலையோடு கூட்டிப் பாருங்கள். பாதி விலை முக்கால் விலையாகிவிட்டால், அதே பணத்துக்கு உள்ளூர் வண்டியே மேல்.