விருந்து நாளில் உணவுக் கணக்கு எழுத வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எடை குறைக்க தினமும் செயலியில் கலோரி எழுதி வருகிறேன். கல்யாணம், பிறந்தநாள் என்று வயிறு முட்டச் சாப்பிடும் நாளை மட்டும் காலியாக விட்டுவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள்தானே, விட்டால் என்ன?

பதில்: அந்த ஒரு நாளால் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. கெடுவது கணக்குதான்.

உங்கள் உடம்பு நாளொன்றுக்கு 2,300 கலோரி செலவழிக்கிறது, நீங்கள் 1,800 சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 3,500 குறைகிறது. ஒரு கிலோ உடல்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக, வாரம் சுமார் 450 கிராம் இறங்க வேண்டும். சனிக்கிழமை விருந்தில் 3,800 உள்ளே போகிறது, அதை எழுதவில்லை. செயலி மீதி ஆறு நாளை மட்டும் பார்த்துச் சராசரி 1,800 என்றே காட்டும். காலி நாளைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் செயலியாக இருந்தால் இன்னும் மோசம், 1,543 என்று காட்டும். உண்மையான சராசரி 2,086. வாரக் குறைவு 3,500 இல்லை, 1,500தான். நான்கு வாரத்தில் 1.8 கிலோ எதிர்பார்த்த இடத்தில் 800 கிராம்கூட இறங்கியிருக்காது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான சேதம். "1,800 சாப்பிட்டும் இறங்கவில்லை, என் உடம்பு வாகே இப்படித்தான்" என்று முடிவு கட்டி, வார நாட்களை 1,500க்குக் குறைப்பீர்கள். ஐந்து நாள் பசி சேர்ந்து அடுத்த சனிக்கிழமை இன்னும் பெரிதாகும். அதுவும் காலியாகவே போகும்.

அதனால் எழுதுங்கள். ஆனால் வார நாட்களைப் போல கிராம் கணக்கில் வேண்டாம். விருந்து நாளின் மதிப்பீட்டில் 400 கலோரி பிசகினாலும் வாரச் சராசரியில் அது 57தான். காலியாக விட்டால் பிசகு 286. குத்துமதிப்பான எண்கூட வெற்றிடத்தைவிடப் பல மடங்கு நல்லது.

கேள்வி: விருந்துக்குத் தராசு எடுத்துப் போக முடியாதே. குத்துமதிப்பு என்றாலும் எப்படி எழுதுவது?

பதில்: சாப்பிடுமுன் தட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை வாங்கினால் அதையும். எழுதும் வேலையை வீட்டுக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

அளவுக்கு உங்கள் கையே போதும். விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை அகலமும் கனமும் உள்ள சமைத்த இறைச்சி அல்லது மீன் சுமார் 100 கிராம். மூடிய கைமுட்டி ஏறக்குறைய ஒரு கப். அந்த அளவு சோறு 200 கலோரி. கட்டைவிரல் அளவு வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 100 கலோரி. எண்ணெய் என்றால் அதே கரண்டி 14 கிராம், 120 கலோரி.

பெரும்பாலும் கணக்கு தவறுவது எண்ணெயில்தான். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. புரதமும் மாவுச்சத்தும் 4. தட்டில் பளபளக்கும் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள். பொரித்ததற்கும் கிரீம் சேர்த்ததற்கும் இரண்டு.

பிறகு ஒரு கீழ் எண், ஒரு மேல் எண் போடுங்கள். "1,200க்குக் குறையாது, 1,800ஐத் தாண்டாது" என்று தோன்றினால் 1,500 என்று ஒரே வரியாகச் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான செயலிகளில் பதார்த்தத்தின் பெயர் இல்லாமல் கலோரியை மட்டும் சேர்க்கும் வசதி உண்டு. சந்தேகம் வந்தால் மேல் எண் பக்கமே சாயுங்கள். மனிதர்கள் தவறுவது பெரும்பாலும் குறைத்து எழுதும் பக்கம்தான்.

பதார்த்தத்தின் பெயரைச் செயலியில் தேடி அரை மணி நேரம் செலவிடாதீர்கள். அந்தப் பதிவுகளில் பல, பயனர்கள் ஏற்றியவை. ஒரே பெயரில் 150ம் இருக்கும், 450ம் இருக்கும். மனசு எதை எடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தேடியே ஆக வேண்டுமென்றால் சமைத்ததா, பச்சையா என்று பாருங்கள். 100 கிராம் பச்சரிசி சுமார் 360 கலோரி, 100 கிராம் சோறு 130. சோற்றின் எடையை அரிசியின் பதிவில் போட்டால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். இறைச்சியில் இது தலைகீழ்: வேகும்போது நீர் வற்றி எடையில் சுமார் கால்பங்கு போய்விடும். சமைத்த எடையைப் பச்சைப் பதிவில் போட்டால் குறைவாகக் காட்டும்.

கேள்வி: மறுநாள் காலை உட்கார்ந்து நினைவில் இருந்து எழுதினால் போதாதா?

பதில்: படம் இருந்தால் போதும், வெறும் நினைவு போதாது. "1,200 கலோரிக்குக் கீழ் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை" என்று சொன்னவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்களின் உடல் கலோரி எரிக்கும் வேகத்தில் கோளாறு எதுவும் இல்லை. பொய் சொல்லும் எண்ணத்தோடு செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நின்றுகொண்டு வாயில் போட்டது, சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, இவையெல்லாம் "சாப்பாடு" என்று மூளையில் பதிவதே இல்லை.

கேள்வி: விருந்துக்கு மறுநாள் எடை மெஷினில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது! இத்தனை நாள் பட்ட பாடு அவ்வளவுதானா?

பதில்: இரண்டு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் 15,400 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரே நாளில் அது யாராலும் எளிதில் ஆகிற காரியமில்லை. செலவுக்கு மேல் 1,500 போயிருந்தால், அது முழுவதும் கொழுப்பாக மாறினாலும் 200 கிராமுக்குக் கீழேதான்.

மீதி பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும். குறைவாகச் சாப்பிட்டு வந்த உடம்பில் 300 கிராம் கிளைக்கோஜன் நிரம்பினால் அதுவே 1.2 கிலோ. அதன்மேல் உப்பு பிடித்து வைக்கும் நீர், குடலில் இன்னும் இருக்கும் உணவு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாளில் இது வடிந்துவிடும். தினமும் காலையில், கழிப்பறை போய்வந்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒற்றை எண் மனசை உலுக்குகிறதென்றால் நான்கு நாள் மெஷின் பக்கமே போக வேண்டாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் பல பெண்களுக்கு இதே நீர்க்கணக்கு உண்டு; விருந்தும் அதுவும் சேர்ந்து வந்தால் எண் இன்னும் பயமுறுத்தும்.

கேள்வி: காலையிலேயே கேக் சாப்பிட்டு எல்லை தாண்டிவிட்டால், "போனது போகட்டும்" என்று எழுதுவதையும் நிறுத்திவிடுகிறேன். பிறகு ராத்திரி வரை கட்டுப்பாடே இல்லை.

பதில்: இது உங்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் அல்ல. 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ருசி பார்க்கச் சொல்லி ஐஸ்கிரீம் வைத்தார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள். எல்லை உடைந்துவிட்டது என்ற எண்ணமே மிச்சத்தைச் சாப்பிட வைக்கிறது.

விருந்து நாளுக்கு வார நாளின் எல்லையை வைக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. 1,800க்குப் பதிலாக அன்றைக்கு 2,800 என்று காலையிலேயே மாற்றிவிடுங்கள். விருந்தில் சாப்பிடப் போவதை முன்கூட்டியே 1,500 என்று எழுதிவைத்தால் மீதி 1,300ஐ எப்படிப் பங்கிடுவது என்று தெரியும். எல்லை தாண்டியதும் செயலி காட்டும் சிவப்பு எண்ணைப் பார்த்தாலே கைவிடத் தோன்றினால், அமைப்புகளில் அந்தக் காட்சியை மறைக்க முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று. காலி நாளைக் கணக்கில் சேர்க்காத செயலியில், பாதியில் விட்ட நாள் காலியான நாளைவிட மோசம். 3,500 சாப்பிட்ட நாளுக்குக் காலை 1,100 மட்டும் பதிவாகியிருந்தால் செயலி உங்களைப் பட்டினி கிடந்தவராக எடுத்துக்கொள்ளும். மீதிக்கு ஒரே வரியில் ஒரு எண்ணைப் போட்டு நாளை மூடிவிடுங்கள்.

கேள்வி: மறுநாள் பட்டினி கிடந்து சரிக்கட்டலாமா? அல்லது நடந்தே கரைத்துவிடலாமா?

பதில்: பட்டினி வேண்டாம், மேலே சொன்ன சுழல் அதில்தான் தொடங்குகிறது. விருந்து வருவது தெரிந்தால் முன்னுள்ள ஐந்து நாளில் தினம் 150 கலோரி ஒதுக்குங்கள். 750 கையில் இருக்கும். புரதத்தில் கை வைக்காமல் எண்ணெயிலும் இனிப்பிலும் குறைத்தால் பசி தெரியாது. ஒதுக்க மறந்துவிட்டதா, விட்டுவிடுங்கள்.

நடை நல்லதுதான், ஆனால் 70 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 300 கலோரி. அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகும் 70 அடங்கும். உடற்பயிற்சிக்கென்று செயலி தானாகத் திருப்பித் தரும் கலோரியை நம்பிச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: குடிப்பதையும் எழுத வேண்டுமா?

பதில்: கட்டாயம். சர்க்கரை சேர்த்த குளிர்பானம் 330 மில்லிக்கு சுமார் 140 கலோரி. 5 சதவீத பீர் அதே அளவுக்கு அதே கலோரி. 150 மில்லி வைன் 120 முதல் 125. மதுவின் ஆல்கஹால் மட்டுமே கிராமுக்கு 7 கலோரி. ஒவ்வொரு கிளாஸுக்கும் போனில் ஒரு கோடு போடுங்கள். மூன்றாவதுக்குப் பிறகு எண்ணிக்கை நினைவில் நிற்காது.

கேள்வி: இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். விருந்து நாளில் கணக்குக்கு விடுமுறை விடலாமா?

பதில்: கூடாது. மாவுச்சத்தின் கிராமைப் பார்த்து இன்சுலின் அளவைத் தீர்மானிப்பவருக்கு எடைக்குறைப்பு இரண்டாம் பட்சம், அந்தக் கணக்கு அன்றைய பாதுகாப்பு. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டில் சர்க்கரை உடனே ஏறாமல் சில மணி நேரம் கழித்து ஏறக்கூடும். படுக்கப் போகுமுன் ஒருமுறை பாருங்கள். மது அருந்தினால் இரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட நாளுக்கு அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதிகம் சாப்பிட்ட நாளில் எழுத உட்கார்ந்தாலே அழுகை வருகிறது. எண்ணைப் பார்த்தபின் மறுபடி போய்ச் சாப்பிடுகிறேன்.

பதில்: அப்படியானால் எண் எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். இதுவரை சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. எழுதியே பழகிவிட்டது என்றால் நேரம், இடம், என்ன சாப்பிட்டீர்கள், முன்பு எவ்வளவு பசி, பிறகு மனசு எப்படி, இவை மட்டும் ஒரு நோட்டில் இருக்கட்டும். கலோரி வேண்டாம்.

சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் மிக அதிகமாகச் சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, இவை வாரம் ஒருமுறையாவது மூன்று மாதமாக நடந்தால் அது மிகையுணவுக் கோளாறாக இருக்கலாம். மனநல நிபுணரோடு பேசிப் பெறும் சிகிச்சையில் குணமாகக்கூடியது. அதற்குக் குறைவாக நடந்தாலும், சாப்பிட்டதை வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டத் தோன்றினாலும், மூன்று மாதம் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உணவுக் கோளாறு இருந்து மீண்டவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் கலோரிக் கணக்கில் இறங்கவே கூடாது.

கேள்வி: ஒரு வருடமாக ஒரே எடையில் இருக்கிறேன். இன்னும் குறைக்கும் எண்ணமில்லை. பண்டிகை வாரத்தில் எழுதாமல் இருக்கலாமா?

பதில்: தாராளமாக. எடையை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். வழக்கமான எடையைவிட இரண்டு கிலோ கூடி இரண்டு வாரமாகியும் இறங்காமல் நின்றால், அப்போது பத்து நாள் எழுதிப் பார்த்தால் போதும்.