பழைய கார்ல லாங் ரேலியா? பணத்தை இன்ஜின்ல போடாதீங்க

வாசகர் கேள்வி: என்கிட்ட 1972 மாடல் பெஜோ 504 இருக்கு. மூணு வாரம் ஓடுற கிளாசிக் கார் ரேலில கலந்துக்கப் போறேன், பாதிக்கு மேல மண்ரோடு. இன்ஜினை டியூன் பண்ணி பவர் ஏத்தணுமா, இல்ல பணத்தை வேற எதுலயாவது போடணுமா?

பவர் ஏத்துற யோசனையை முதல்ல விட்டுடுங்க. பவருக்காக கம்ப்ரெஷன் ஏத்தின இன்ஜினுக்கு நல்ல ஆக்டேன் பெட்ரோல் வேணும், ஆள் அரவமே இல்லாத ரூட்ல கிடைக்கிறதைத்தான் ஊத்தியாகணும், மட்டமான பெட்ரோல்ல நாக்கிங் அடிச்சு, அதாவது சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு, பிஸ்டனே போயிடும். கம்பெனி செட்டிங்லயே நல்லா ஓவர்ஹால் பண்ணி ரேடியேட்டரை சரி பண்ணிட்டா போதும். 1968ல லண்டன்ல இருந்து சிட்னி வரைக்கும் சுமார் 16,000 கிலோமீட்டர் ரேலி நடந்துச்சு, அதுல ஜெயிச்சது ஆண்ட்ரூ கோவன் டீம் ஓட்டுன ஹில்மேன் ஹன்டர், சாதாரண ஃபேமிலி கார். முதல் இடத்துல இருந்த லூசியன் பியான்கியோட சிட்ரோவென் முடிவுக்குக் கிட்டத்துல எதிர்ல வந்த கார்ல மோதி நின்னுடுச்சு, அந்த நேரத்துல உருப்படியா ஓடிட்டிருந்ததால ஹன்டருக்கு முதல் இடம் கிடைச்சுது. அதிர்ஷ்டம்னு சொல்லலாம், ஆனா வண்டி முழுசா இருக்கறவனுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் வரும்.

பணத்தை ஷாக் அப்சார்பர்ல போடுங்க. மண்ரோட்டுல வரிவரியா மேடு பள்ளம் கிலோமீட்டர் கணக்குல வரும், ஒவ்வொரு குலுக்கலையும் ஷாக் உள்ள இருக்கிற ஆயில்தான் சூடா மாத்துது, மணிக்கணக்குல ஓடினா அந்த ஆயில் ரொம்ப சூடாகி நீர்த்துடும், நுரை கட்டும், சீல் ஒழுகும், அதுக்கப்புறம் ஸ்பிரிங்கைப் பிடிச்சு நிறுத்த ஆளே இல்ல, வீல் மேல அடிச்சு அடிச்சு பாடியில ஷாக் மாட்டுற இடமே விரிசல் விட்டுடும். அதனால ஹெவி டியூட்டி ஷாக் வாங்குறதுக்கு முன்னாடியே மவுண்டிங் இடங்கள்ல பிளேட் வச்சு வெல்டிங் பண்ணிடுங்க, இதை பல பேர் விட்டுடறாங்க, நல்ல ஷாக்கைப் போட்டு பழைய தகரத்தைப் பிச்சுக்கிட்டு வர்றதுதான் மிச்சம். ஸ்பிரிங்கையும் ரொம்ப கெட்டியா போடாதீங்க, அடி நேரா பாடிக்குப் போகும்.

அடுத்தது வெயிட். பயத்துல பாதி கராஜை டிக்கியில ஏத்திக்கிட்டு வர்றாங்க, அந்த ஒவ்வொரு கிலோவையும் சுமக்கறது அதே ஷாக்தான். ஒரு ஜோடி ஷாக், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், ஃப்யூயல் பம்ப், பாயிண்ட், கண்டென்சர், ஹோஸ், வீல் பேரிங், ரெண்டு ஸ்டெப்னி, இதுக்கு மேல ஒவ்வொண்ணையும் நல்லா யோசிச்சு ஏத்துங்க. மேல கேரியர் வேண்டவே வேண்டாம், கனமான சாமானை முன் சீட்டுக்குப் பின்னாடி தரையோட கட்டுங்க.

பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் அடியில இருந்து எடுத்து காருக்குள்ள கொண்டு வந்துடுங்க, ஒரு கல்லு போதும் ரேலி முடிஞ்சுடும். இன்ஜின் ஆயில் தொட்டியைக் கல்லுல இருந்து காப்பாத்த அடியில மாட்டுற தகடு, அதான் சம்ப் கார்டு, அதைப் போடறப்போ ஆயில் டிரெய்ன் பண்ண ஓட்டை விடச் சொல்லுங்க. டயர் சைடுவால் தடிமனா இருக்கணும், அகலம் முக்கியமில்ல.

பக்கத்துல உக்காந்து வழி சொல்ற நேவிகேட்டரா யார் வர்றாங்கன்னு நீங்க எழுதல. பெரும்பாலான கிளாசிக் ரேலில நேரம் குறிக்கிற செக் பாயிண்டான டைம் கன்ட்ரோலுக்கு லேட்டா போனாலும் பெனால்டி, சொன்ன சராசரி ஸ்பீடுலயே ஓட்ட வேண்டிய ரெகுலாரிட்டி பகுதியில அதைவிட சீக்கிரம் போனாலும் பெனால்டி, வழி எழுதின ரோடு புக்கைப் படிச்சு, ஓடின தூரத்தைக் காட்டுற டிரிப் மீட்டரைப் பார்த்து கணக்கு சொல்ற ஆள்தான் மார்க் வாங்கித் தருவாரு. டயர் சைஸ் மாத்தினா டிரிப் மீட்டரை மறுபடி செட் பண்ணணும்.

கிளம்பறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே, ரேலிக்குக் கொண்டு போற மொத்த லோடோட, ரெண்டு பேரும் உக்காந்து, கிடைக்கிறதுலயே மோசமான ரோட்டுல சில நாள் ஓட்டுங்க. தினமும் சாயங்காலம் கார் அடியில படுத்து ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வச்சுப் பாருங்க, எது லூசாகுதோ அது ரேலிலயும் லூசாகும், அதுக்கு லாக் நட் போட இப்பவே நேரம் இருக்கு.

ரூட் 3,000 மீட்டருக்கு மேல ஏறுதான்னு பார்த்து எழுதுங்க, அங்க காத்து மெலிசா இருக்கறதால கார்புரேட்டர் மிக்ஸ்சர் ரிச்சாயிடும், அதாவது காத்துக்கு மிஞ்சின பெட்ரோல் போகும், பெட்ரோலைக் குறைக்க சின்ன ஓட்டை இருக்கிற ஜெட் எடுத்துட்டுப் போகணுமான்னு அதைப் பார்த்துட்டு சொல்றேன்.