ஒரே வேடம், ஆறு எம்மி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'வீப்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்தேன். ஜூலியா லூயி-டிரைஃபஸ் நன்றாகவே நடிக்கிறார். ஆனால் ஒரே வேடத்துக்கு 2012 முதல் 2017 வரை வரிசையாக ஆறு எம்மி விருதுகள் (அமெரிக்கத் தொலைக்காட்சி விருதுகள்) என்பது கொஞ்சம் அதிகமில்லையா? 'மர்ஃபி பிரவுன்' தொடருக்கு ஐந்து முறை வாங்கிய கேண்டிஸ் பெர்கன், போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். இவரும் அப்படிச் செய்திருக்கலாம். பழக்கதோஷத்தில் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பெர்கன் 1995இல் ஐந்தாவது விருதை வாங்கியபின் இனி தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று சொன்னது பெருந்தன்மைதான். அதற்காக அதை அடுத்தவருக்கும் கடமையாக்க முடியுமா?

பழக்கதோஷம் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2017 எம்மி விழாவுக்கு மறுநாள் லூயி-டிரைஃபஸுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. படப்பிடிப்பு தள்ளிப்போனது. சிகிச்சை முடிந்து வந்துதான் கடைசி சீசனில் நடித்தார். அனுதாப ஓட்டு விழ 2019ஐவிடத் தோதான ஆண்டு கிடையாது. அந்த ஆண்டு விருது 'ஃப்ளீபேக்' தொடரில் நடித்த ஃபீபி வாலர்-பிரிட்ஜுக்குப் போனது. அவரும் தகுதியானவர்தான்.

ஒரே வேடம் என்கிறீர்கள். பெயர் ஒன்று, செலீனா மேயர். அமெரிக்கத் துணை அதிபராக, யாரும் மதிக்காத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளாக அறிமுகமாகிறாள். அப்புறம் அதிபராகிறாள், பதவியைப் பறிகொடுக்கிறாள், ஆறாவது சீசனில் முன்னாள் அதிபராக அலைகிறாள். அதிகாரம் கைக்கு வரும்போது ஒரு சிரிப்பு, போனபின் வேறொரு சிரிப்பு. குரல், நடை, உதவியாளர்களைத் திட்டும் வேகம் எல்லாம் சீசனுக்கு சீசன் மாறுகின்றன.

ஐந்தாவது சீசனில் ஒரு காட்சி. செலீனாவின் தாய் இறந்துவிடுகிறார். தாய்மீது அவளுக்கு ஒட்டுதலே இல்லை. இறுதிச் சடங்கில் அவள் பேசவேண்டிய நேரம் பார்த்து, அதிபர் தேர்தலில் நெவாடா மாநில வாக்குகளின் மறு எண்ணிக்கையில் தோற்றுவிட்ட செய்தி வருகிறது. எல்லோர் முன்னாலும் உடைந்து அழுகிறாள். வந்திருப்பவர்கள் தாய்க்காக அழுகிறாள் என்று நினைத்து உருகுகிறார்கள். அழுகை முழுக்க உண்மையாக இருக்க வேண்டும், காரணம் மட்டும் வேறு என்பது நமக்கு மட்டும் புரிய வேண்டும். கொஞ்சம் மிகையானால் கோமாளித்தனம், கொஞ்சம் குறைந்தால் வெறும் சோகம். நாம் சிரித்துக்கொண்டே அவளுக்காகப் பரிதாபமும் படுகிறோம். சோக நடிப்பில் பேர்பெற்ற எத்தனை பேரால் இதைச் செய்ய முடியும்?

அந்த சீசனுக்கான விருது 2016 செப்டம்பர் 18 அன்று கிடைத்தது. இரண்டு நாட்களுக்கு முன்புதான் லூயி-டிரைஃபஸின் தந்தை இறந்திருந்தார். மேடையில் குரல் நடுங்க, விருதை அப்பாவுக்குச் சமர்ப்பித்தார். அவருக்கு இந்தத் தொடர் பிடித்திருந்தது, அவர் அபிப்பிராயம்தான் எனக்கு முக்கியம் என்றார்.

2013 விழாவையும் தேடிப் பாருங்கள். தொடரில் செலீனாவின் பையைத் தூக்கிக்கொண்டு திரியும் உதவியாளர் கேரியாக நடித்த டோனி ஹேல், அதே வேடத்தோரணையில் மேடைக்கே பின்னால் வந்து, யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று காதில் ஓதிக்கொண்டிருப்பார். அன்று ஹேலும் விருது வாங்கியிருந்தார்.

இதெல்லாம் லூயி-டிரைஃபஸுக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. 1982 முதல் 1985 வரை 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியில் பெரிதாக எதுவும் அமையாமல் வெளியே வந்தவர். 'சைன்ஃபெல்ட்' தொடர் புகழ் பெற்றபோதும், அதில் அவர் நடித்த இலெய்ன் வேடத்துக்கு எம்மி கிடைக்க 1996 வரை ஆனது. அது முடிந்தபின் நடித்த 'வாட்சிங் எல்லி' எடுபடவில்லை. 'சைன்ஃபெல்ட்' நடிகர்களுக்குச் சாபம் என்றே பத்திரிகைகள் எழுதின. 2006இல் 'தி நியூ அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஓல்ட் கிறிஸ்டீன்' தொடருக்கு விருது வாங்கி, மேடையிலேயே அந்தச் சாபப் பேச்சுக்குப் பதில் கொடுத்தார். அப்புறம்தான் இந்த ஆறு. ஆக நடிப்புக்கு மட்டும் எட்டு எம்மிகள், நடிகை குளோரிஸ் லீச்மனுக்குச் சமமாக. 2018இல் நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் பரிசும் வந்தது.

எம்மி நடிப்புப் பிரிவுகளில் பெயர்களை முன்மொழிபவர்களே நடிகர்கள்தான். ஒரு நொடி தவறினாலும் சிரிப்பு போய்விடும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சரி, ஐந்தாவது சீசனில் தாய் சாகும் அந்த அத்தியாயத்தை இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் ஆறு அதிகம் என்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.